மூன்று பெயருக்கும் நானே ஆஜர்

10 ஆகஸ்ட் 2024, சனி

இன்று காலை தோட்டத்து மண்டபக் கக்கூசில் நான் மூன்று பெண்களாக இருந்தேன்.

எழுதிவிட்டுப் படித்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது. இருக்கட்டும். இந்த நோட்டை அந்தோனி திறக்கமாட்டார். செம்பனைக் குலை லோரியின் எடைச் சீட்டு, நாலு நம்பர் லாட்டரி முடிவு – இந்த இரண்டைத் தவிர என் புருஷன் எதையும் படித்து நான் பார்த்ததில்லை.

நடந்தது இது. கிளினிக்காரர்கள் பெண்களுக்குக் கருப்பை வாய்ச் சோதனை செய்ய எங்கள் புக்கிட் தெராத்தாய் தோட்டத்துக்கு வந்தார்கள். முன்பு போல, நர்ஸ் மிஸி நம் காலைத் தூக்கி வைத்து, வாத்து அலகு மாதிரி ஒரு சாமானை உள்ளே விட்டு விரித்துச் சுரண்டி எடுக்கும் பெப் ஸ்மியர் இல்லை. இப்போது நாமே எடுத்துக் கொடுக்கலாம். நீளமான ஒரு பஞ்சுக்குச்சி, மூடி போட்ட ஒரு குழாய். கக்கூசுக்குள் போ, குச்சியை உள்ளே விடு, சுற்று, குழாயில் போட்டு மூடு, கொண்டுவந்து கொடு. அதில் எச்பிவி கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பல் விளக்குவதைவிடச் சுலபம் என்று மைக்கில் சொன்னவள் நான்.

மைக் என் கையில் வந்தால் எனக்குப் புத்தி கீழே இறங்கிவிடும். கல்யாணம், காதுகுத்து, பள்ளி விளையாட்டுப் போட்டி எல்லாவற்றுக்கும் இந்தப் பெட்ரிசியாதான் மைக். பகலில் பள்ளிக் கேண்டீனில் மீ கோரெங் கிண்டுகிறேன்; மற்ற நேரம் ஊர் வாயைக் கிண்டுகிறேன். ஒன்பது வருஷமாக கிளினிக்கின் தொண்டூழியரும் நானே. பெயர் எழுதும் மேஜையில் உட்காருவேன். போன மாதம் மேனேஜருக்கு முன்னால் மிஸி ரொஸ்னா, “எத்தனை பேரு வருவாங்க அக்கா?” என்று கேட்டார். “முப்பது,” என்றேன். கை தட்டினார்கள். இன்னும் கொஞ்சம் தட்டியிருந்தால் முந்நூறு என்றிருப்பேன். தோட்டத்தில் மிஞ்சியிருப்பதே நாற்பது வீடு.

வந்தது இருபத்தேழு. என்னோடு இருபத்தெட்டு. மீதி இரண்டு குழாயை நானே வீட்டுக்குக் கொண்டுபோய் வாங்கிவருகிறேன் என்று மிஸியிடம் சொன்னேன். மிஸி என்னை நம்பினார். அது அவருடைய தப்பு.

முதலில் மயிலம்மாள் வீடு. ஆட்களை மேய்க்கும் மண்டோர் கணேசமூர்த்தியின் சம்சாரம், ஐம்பத்தொன்பது வயது, இருபது வருஷம் மருந்து அடித்த கை. காட்டில் பாம்பைக் கம்பால் அடித்துத் தூக்கிப் போடுவாள். பஞ்சுக்குச்சியைப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

“அந்தக் காலத்துல பெரட்டுல நான் வரலன்னா நீ எனக்குப் பேரு குடுக்கல? அந்த மாரிதான் லா. எனக்கும் சேத்து நீயே குடுத்துரு.”

பெரட்டு என்றால் விடியற்காலைப் பெயர் கூப்பிடுதல். பனியில் தலையைத் தூக்காமல் மண்டோர் பெயர் படிப்பார். வராதவளுக்கு வந்தவள் குரல் கொடுப்பாள். நான் ஒரே காலையில் நாலு பேருக்குக் குரல் மாற்றிக் கொடுத்தவள்தான். எங்களில் யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை.

அடுத்தது மாதவி. நாற்று மேடையில் வேலை, நாற்பத்துமூன்று வயது. புருஷன் யோகேந்திரன் கடற்கரை ஊரான போர்டிக்சனில் எண்ணெய் ஆலையில் இருக்கிறான். சனிக்கிழமை வந்து ஞாயிறு போவான். மாதவி குழாய்ப் பையை வாங்கிப் பார்த்து, மடித்து, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“எனக்கு வேணாம்க்கா.”

ஏன் என்று கேட்டேன். சிரித்தாள். அவ்வளவுதான். வாயில்லாப் பூச்சி. இந்த மாதிரிப் பெண்களைப் பார்த்தால் எனக்கு உள்ளங்கை அரிக்கும். பயம் என்றால் பயம் என்று சொல்லித் தொலையேன்.

ஆக, மண்டபத்துக் கக்கூஸ். ஒரு கால் வாளிமேல். முதல் குச்சி பெட்ரிசியா. இரண்டாவது மயிலம்மாள். மூன்றாவது மாதவி. மூன்றாவதில் எனக்கே என்மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது, வெளியே யாரோ கதவைத் தட்டி, “யாரு உள்ள?” என்று கேட்டபோது எந்தப் பெயரைச் சொல்வதென்று ஒரு நொடி யோசித்தேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஒன்பது வருஷமாக மைக்கில், “பயப்படாதீங்க, நான் தவறாமப் போறேன்,” என்று சொல்கிறேனே – இன்றைக்கு முன் நான் இந்தச் சோதனையை ஒருமுறைகூடச் செய்துகொண்டதில்லை. வயது ஐம்பத்தொன்று.

14 ஆகஸ்ட்

பாராட்டுச் சான்றிதழ் வந்தது. மேனேஜர் அதைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். அவருக்குக் கருப்பை வாய் கிடையாது.

27 ஆகஸ்ட்

கிளினிக்கின் கையேட்டைத் திரும்பப் படித்தேன். அட்டையில் ஒரு பெண் தாமரைப் பூவை வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அந்த இடத்தைப் பற்றி எழுத வேண்டும், ஆனால் பெயர் சொல்லக் கூடாது, அதனால் பூ. படம் போட்டவனுக்கு ஒரு கும்பிடு. இந்தத் தோட்டத்தில் எந்தப் பெண்ணும் பூவைத் தூக்கிக்கொண்டு நின்று நான் பார்த்ததில்லை. குலையைத் தூக்கிக்கொண்டு நிற்போம்.

கேண்டீனுக்கு வந்த மூன்று பெண்களிடம் மாதவி குழாயைத் திருப்பிக் கொடுத்த கதையைச் சொல்லப்போய், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கணக்கில் அவள் கொடுத்துவிட்டாள் அல்லவா. நல்ல கதை ஒன்று வீணாய்ப் போயிற்று.

5 செப்டம்பர், வியாழன்

பத்து மணி. கோழி பொரித்துக்கொண்டிருந்தேன். மிஸி ரொஸ்னா. இருபது வருஷம் தோட்டங்களில் சுற்றி எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசும் மலாய்க்கார அம்மா.

“அக்கா, உங்க ரிசல்ட் பாசிட்டிவ். பதினாறாம் நம்பர்.”

“நாலு நம்பர்ல பதினாறு இருந்தா நல்லதா மிஸி?”

அவர் சிரிக்கவில்லை. எச்பிவியில் பல வகை. பதினாறு மோசமான வகை. புற்று என்று அர்த்தம் இல்லை. ஆனால் கருப்பை வாயில் உள்ள செல்களை மாற்றிவிடக்கூடியது. மாறியிருக்கிறதா என்று பெரிய ஆஸ்பத்திரியில் உருப்பெருக்கி வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பெயர் கோல்போஸ்கோப்பி. சிரம்பான், அக்டோபர் இரண்டாம் தேதி.

“இன்னொண்ணு அக்கா. நீங்கதான் கூட்டிட்டு வரணும்னு சொல்றேன். உங்க தோட்டத்துல மூணு பேரு. மூணுமே பதினாறு. மயிலம்மாளுக்கும் மாதவிக்கும் இப்பதான் போன் போட்டேன். எனக்கே ஆச்சரியமா இருக்கு லா.”

எனக்கு ஆச்சரியமாக இல்லை.

கோழி கருகிவிட்டது. பிள்ளைகளுக்கு அதையே போட்டேன்.

6 செப்டம்பர்

மயிலம்மாள் விடிந்ததும் வந்தாள். அவள் போனை எடுத்தது கணேசமூர்த்தியாம். கிருமி, பாசிட்டிவ், சிரம்பான் – மூன்று வார்த்தையும் அந்த ஆள் காதில் விழுந்திருக்கிறது. கோவில் கமிட்டித் தலைவர் வேறு. ராத்திரி முழுக்க அவளைச் சட்டி பானையைக்கூடத் தொட விடவில்லையாம்.

“பேருதானே குடுத்தேன். நீ சீக்கைல்ல குடுத்துட்ட.”

“அக்கா, அது உனக்கு இல்ல. அது என்னோடது.”

“பேரு என்னுதுல்ல? கவுருமெண்டு கடுதாசில மயிலம்மாள்னுல்ல வரும்? அந்தக் குழாய்ல என் பேர ஒட்டி நீ உள்ள விட்ட. அப்ப எனக்கு வராதா?”

ஒரு பெயரைக் கடன் கொடுத்தால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று நம்புகிறவளிடம் என்ன பேசுவது. உண்மையைப் புருஷனிடம் சொல்லித் தொலை என்றேன். சொல்லமாட்டாளாம். சோதனைக்குப் போனேன் என்று பொய் சொன்னது தெரிந்தால் அது இதைவிட மானக்கேடாம். முப்பத்தாறு வருஷம் அந்த ஆளோடு குடும்பம் நடத்தியவளுக்கு, நோய்க்காரி என்ற பெயரும் பொய்க்காரி என்ற பெயரும் தராசில் இப்படி நிற்கிறது. மண்டோரை நினைத்தால் எனக்குக் காறித் துப்பத் தோன்றியது. பிறகு ஞாபகம் வந்தது, நானும் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

7 செப்டம்பர், சனி

மளிகைக் கடையில் கூட்டம். மூன்று பெயரும் அதற்குள் ஊரெல்லாம். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. அது எனக்குப் பழக்கமில்லை. பேச்சை நிறுத்துகிறவள் நானாகவே இருந்து பழக்கம். என்ன நினைத்தேனோ – இல்லை, நன்றாக நினைத்துத்தான் சொன்னேன் –

“என்னோடது பழைய மிஷின், எதையாவது காட்டும். மாதவிக்குத்தான் பாவம். புருஷன் வாரம் அஞ்சு நாள் போர்டிக்சன்ல. கடக்காத்து எல்லாருக்கும் ஒத்துக்குமா?”

சிரித்தார்கள். என்னை விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது, இதைவிடக் கேவலமாக வேறு என்ன செய்திருக்க முடியும் என்று பட்டியல் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

8 செப்டம்பர், ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். யோகேந்திரனின் மைவி கார் நேற்று வந்தது, இன்று விடிகாலையே போய்விட்டதாம். வழக்கமாகச் சாயங்காலம்தான் போவான்.

நான்தானா?

10 செப்டம்பர்

மாதவி கேண்டீனுக்கு வந்தாள். நான் பாத்திரம் தேய்ப்பதில் மும்முரமாக இருப்பதுபோல நடித்தேன். அவள் ஒரு ஓரமாக நின்று, நான் தேய்த்ததை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். ஐந்து தட்டு துடைத்தபின்,

“எப்பக்கா போறீங்க?”

“எங்க?”

“சிரம்பானுக்கு. மூணும் உங்களோடதுதானே.”

குரலை உயர்த்தவில்லை. அதுதான் எரிச்சல். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் திட்டிச் சமன் செய்திருப்பேன்.

“உன் பேரப் போட்டது தப்புதான். மிஸிகிட்ட சொல்றேன்... பாக்கலாம்.”

“என் பேரு கெடக்கட்டும்க்கா. அத அப்புறம் சரி பண்ணிக்கலாம். மூணு குழாய்லயும் அதே வந்திருக்கு, அப்ப மிஷின் தப்பு இல்ல. நீங்க போகணும். தனியாப் போக வேணாம், நான் லீவு போட்டுட்டு வர்றேன்.”

இவள் எனக்குத் துணையாம். குழாய்ப் பையை மடித்துத் திருப்பிக் கொடுத்தவள். பெரிய ஆஸ்பத்திரி வாசலைக் கண்டதும் இவளுக்கு நான் தண்ணீர் தெளிக்க வேண்டி வரும். “உனக்கே பயம், நீ என்ன எனக்குத் தொண வர்றது,” என்றேன். கடைசித் தட்டைத் துடைத்து வைத்தாள்.

“பாவாட கட்டிக்கிட்டு வாங்கக்கா. பேண்ட் போட்டா முழுசா அவுக்கணும். படுத்ததும் இடுப்ப இறுக்காதீங்க, லூசா விட்டா அவ்வளவா தெரியாது.”

போனில் எங்கேயோ பார்த்ததை ஒப்பிக்கிறாள். ஒரு விஷயத்தைச் செய்யாதவர்களுக்குத்தான் அதைப் பற்றி எவ்வளவு தெரிகிறது. எனக்கே தெரியாதா? ஒன்பது வருஷம் அந்தப் பிழைப்புத்தானே பிழைத்தேன்.

15 செப்டம்பர்

யோசித்துப் பார்த்த வழிகள்:

நான் மட்டும் போகாமல் இருந்துவிடுவது. அவர்கள் இருவரும் சிரம்பான் போனால், ஒன்றும் இல்லை என்று வந்துவிடும். எல்லாரும் மறந்துவிடுவார்கள். எனக்குள் இருக்கிற பதினாறு மட்டும் மறக்காது.

அல்லது மூன்று பெயருக்கும் நானே மூன்று தடவை போவது. முக்காடு, மூக்குக் கண்ணாடி. ஐசி அடையாள அட்டையில் இருக்கிற படத்தை என்ன செய்வது?

இதையெல்லாம் ஒரு மனுஷி உட்கார்ந்து எழுதுகிறாள். ஐம்பத்தொரு வயது, ஞானஸ்நானம் வாங்கியவள்.

வயிற்றுக்குக் கீழே வலிக்கிற மாதிரி இருக்கிறது. அது பயம். கிருமிக்கு வலி கிடையாது என்று கையேட்டில் இருக்கிறது. வலியே இல்லாமல் வளரும் என்றும் இருக்கிறது.

18 செப்டம்பர்

அந்தோனியிடம் சொன்னேன். முழுசாக, மூன்று குச்சியையும் சேர்த்து. சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார். பிசைவது மட்டும் நின்றது.

“அது ஆம்பளகிட்டேர்ந்து வர்றதா?”

“ஆமா. எப்ப வந்ததுன்னு யாருக்கும் தெரியாதாம். இருபது முப்பது வருஷம்கூட உள்ளயே கெடக்குமாம். யாரு குடுத்தான்னு கேக்குறதே வீண்னு மிஸி சொன்னாங்க.”

அவர் கேட்டுக்கொண்டே விரல் மடக்கினார். “தொண்ணூத்தொண்ணுல நான் ஜோகூர்ல லோரி ஓட்டுனப்ப –”

“நிறுத்து.”

“இல்ல, சொல்லிர்றேன். ஒரே ஒரு –”

“யோவ், நிறுத்துன்னு சொன்னேன்ல.”

முப்பத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் நான் ஒரு வம்பைக் கேட்க மறுத்தது இதுவே முதல் தடவை. மனுஷன் பாவ மன்னிப்புக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார், கையில் ரசச் சோறு. அழுதேன். அவருக்காக இல்லை. பெத்த பிள்ளைங்க ரெண்டும் கோலாலம்பூர்ல இருக்கு, இங்க எனக்கு ஒண்ணுன்னா இந்த ஆளு ஒரு தேத்தண்ணிகூட வெக்கத் தெரியாம நிப்பான், அதுக்குத்தான்.

20 செப்டம்பர், வெள்ளி

மிஸியிடம் சொல்லிவிட்டேன். கோலா பிலா கிளினிக், அவருடைய அறை, கதவைச் சாத்திக்கொண்டு.

நான் கொஞ்சம் வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தேன். வாளிமேல் கால் வைத்ததையெல்லாம். மிஸி கைகளை மேஜைமேல் வைத்துக் கேட்டார்.

“அக்கா, ஒருவேள உங்களுக்கு நெகட்டிவ் வந்திருந்தா?”

“வந்திருந்தா நல்லதுதானே மிஸி.”

“அவங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லன்னு எழுதி அனுப்பியிருப்பேன். அஞ்சு வருஷம் கழிச்சு வாங்கன்னு. உள்ள ஏதாவது இருந்திருந்தா அந்த அஞ்சு வருஷத்துல என்ன ஆகியிருக்கும்?”

நான் இதை யோசிக்கவே இல்லை. ஒன்பது வருஷம் மைக் பிடித்தவளுக்கு இது தோன்றவில்லை. பெரட்டில் ஒருத்திக்குக் குரல் கொடுத்தால் போவது ஒரு நாள் சம்பளம்தான்.

மேலிடத்துக்கு எழுதுவார். அவருக்கும் கேள்வி வரும். மேஜைக்கு இனி என்னைக் கூப்பிடமாட்டார்கள். “புக் மட்டும் வெச்சிட்டுப் போங்க,” என்றார். பெயர்ப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். வாசல்வரை வந்து, “ரெண்டாம் தேதி மறக்காதீங்க,” என்றார். இந்த அம்மாவை ஏமாற்றுவது எவ்வளவு சுலபமாக இருந்தது.

2 அக்டோபர், புதன்

மாதவி வந்தே தீருவேன் என்று காலை ஆறரைக்கு வாசலில் நின்றாள். கூட மைவி. உள்ளே யோகேந்திரன். லீவு எடுத்திருக்கிறான். கார் புக்கிட் புத்துஸ் மேட்டில் ஏறியது. அப்புறம் அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்து,

“என்னக்கா, கடக்காத்து வேணுமா, கண்ணாடிய எறக்கட்டுமா?”

செத்துவிடலாம் போல இருந்தது. மாதவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், சிரிப்பில் தோள் குலுங்கியது. போன் வந்த அன்றைக்கே அவனுக்கு எல்லாம் சொல்லியிருக்கிறாள். அந்த ஞாயிறு சீக்கிரம் கிளம்பியது ஆலையில் ஓவர்டைம் என்று. ஒரு குடும்பத்தைக் கலைத்துவிட்டேன் என்று மூன்று வாரம் நான் சோறு இறங்காமல் கிடந்தேன். என் நாக்கால் அவர்கள் வீட்டு நாற்காலிகூட நகரவில்லை. அவமானத்தில் அது ஒரு தனி வகை.

பாவாடைதான் கட்டிப் போனேன். யார் சொன்னாலும் நல்ல யோசனை நல்ல யோசனைதான்.

டாக்டர் நட்டாலி என்று ஒரு பெண். என் மகள் வயதுகூட இருக்காது. காலை இரண்டு தாங்கியில் தூக்கிவைத்தார்கள். அந்த வாத்து அலகு. ஒன்பது வருஷம் நான் மற்றவர்களுக்கு, “ஒண்ணுமே இல்ல, எறும்பு கடிக்கிற மாரி,” என்று சொன்னது இதைத்தான். எறும்பு இல்லை. ஆனால் அலறும்படியும் இல்லை. குளிர்ச்சி, ஒரு இழுப்பு, அப்புறம் யாரோ உள்ளே ஒரு மேஜையை நகர்த்துவது மாதிரி.

புளிக்காடி நீரைத் தடவினார்கள். அறை முழுக்க ஆச்சார் ஊறுகாய் வாசம். பக்கத்துத் திரையில் படம். இளஞ்சிவப்பாக, நடுவில் ஒரு சின்னத் துளை. இதுதான் என் கருப்பை வாயா. ஊரில் இத்தனை பேரின் அந்தரங்கத்தைப் பேசியவள், என்னுடையதை இன்றுதான் பார்க்கிறேன்.

“வாய்னு பேரு வெச்சிருக்கீங்க டாக்டர், ஆனா இது என்னப் போல பேசாது போலருக்கே.”

“ஆன்ட்டி, சிரிக்காம இருங்க. படம் ஆடுது.”

சும்மா கிடந்தேன். காடி பட்ட இடத்தில் ஒரு பக்கம் மெல்ல வெளுத்தது. அப்பத்தின் ஓரம் போல. மாறின செல்கள் இப்படித்தான் வெள்ளையாகக் காட்டிக்கொடுக்குமாம். பிறகு பழுப்பு அயோடின் தடவினார். நல்ல இடமெல்லாம் கறுத்தது, அந்த இடம் மட்டும் நிறம் ஏறாமல் நின்றது.

“ரெண்டு எடத்துல துளி எடுக்கணும். இருமுங்க.”

இருமினேன். ஒரு கிள்ளு. மறுபடி இருமினேன். இன்னொரு கிள்ளு. கண்ணில் தண்ணீர் வந்தது. திரைக்கு இந்தப் பக்கம் மாதவி நின்று என் கையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை. அவள் மயக்கம் போடவில்லை.

23 அக்டோபர்

சிஐஎன் மூன்று. புற்று இல்லை. புற்றுக்கு முந்தின படி. “விட்டிருந்தா?” என்றேன். “விடல இல்ல ஆன்ட்டி,” என்றார் டாக்டர்.

சூடான கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் சீவி எடுப்பார்கள். நவம்பர் பதின்மூன்று.

31 அக்டோபர்

தீபாவளி. மயிலம்மாள் வீட்டிலிருந்து முறுக்கு வந்தது. கணேசமூர்த்தியே கொண்டுவந்தார். மிஸி அவர்கள் வீட்டுக்கே போய் உண்மையைச் சொல்லிவிட்டாராம். அன்றே மயிலம்மாள் சொந்தக் கையால் குச்சி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். மண்டோர் முறுக்கை நீட்டிக்கொண்டே,

“முப்பது வருஷம் பெரட்டு எடுத்தேன் பெட்ரிசியா. என் பெரட்டுல ஒருத்தி இப்படி ஏமாத்தினது இல்ல.”

“ஆமாங்க,” என்றேன்.

அவர் பெரட்டில் ஆறு வருஷம் மயிலம்மாளுக்குக் குரல் கொடுத்தவள் நான். முறுக்கு நமுத்திருந்தது.

13 நவம்பர்

ஆச்சு. மரத்துப்போக ஊசி போட்டார்கள். கருகல் வாசம். கால் மணி நேரம். நாலு வாரத்துக்குக் கனம் தூக்கக் கூடாது, அந்தோனி பக்கத்தில் வரக் கூடாது. இரண்டாவதை அவரிடம் சொன்னபோது, “அதுல என்ன மாத்தம்,” என்றார். அடுப்பில் தேத்தண்ணீர் வைக்கிறேன் என்று பால் டின்னைத் திறக்கத் தெரியாமல் கத்தியால் கையை அறுத்துக்கொண்டார். இப்போது இரண்டு நோயாளிகள்.

29 நவம்பர்

மயிலம்மாளுக்கு ஒன்றும் இல்லை. நெகட்டிவ். கடிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டச் சொல்கிறாள்.

மாதவி மட்டும் இன்னும் கொடுக்கவில்லை. இவ்வளவும் கண்ணால் பார்த்தபிறகும். திரையில் என்னுடையதைப் பார்த்தாள், கையைப் பிடித்தாள், போக்குவரத்து எல்லாம் பார்த்தாள். தன்னுடையது என்றதும் பேச்சை மாற்றுகிறாள். இன்று நேராகவே கேட்டேன்: “உனக்கு உசிருமேல ஆச இல்லையா?” சிரிக்கிறாள். சில பேரைத் திருத்த முடியாது. அடுத்தவர் வீட்டுத் தீயை அணைக்க வாளி தூக்குவார்கள், தன் கூரையை ஏறிட்டுப் பார்க்கமாட்டார்கள். கோழை, கோழை, கோழை. எனக்கு நல்லது செய்தவளை இப்படி எழுதுகிறேனே என்று கூச்சமாக இருக்கிறது. ஆனால் பொய்யாக எழுத முடியாது.

18 டிசம்பர், புதன்

சிரம்பான். வெட்டி எடுத்ததன் ஓரமெல்லாம் சுத்தமாம். ஆறு மாதம் கழித்து மறுபடி சோதனை. டாக்டர் நட்டாலி முதல் தடவையாகச் சிரித்தார்.

மருந்து வாங்க மாதவி வரிசையில் நின்றாள். அவளுடைய கைப்பை என் மடியில். வாய் கசந்தது, மிட்டாய் இருக்குமா என்று திறந்தேன். சரி, மிட்டாய்க்காக மட்டும் இல்லை. அடுத்தவர் பையைத் திறக்காமல் நான் அரை மணி நேரம் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

மிட்டாய் இல்லை. பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு கிளினிக் அட்டை. பெப் ஸ்மியர். பெயர் மாதவி. 2012, 2015, 2018, 2021, கடைசி முத்திரை இந்த வருஷம் மார்ச். ஐந்தும் நார்மல். கிளினிக், அம்பாங்கான்.

எங்கள் தோட்டத்திலிருந்து அம்பாங்கானுக்கு ஒரு மணி நேரம். கோலா பிலா கிளினிக்குக் கால் மணி நேரம். கோலா பிலாவில் 2015-லிருந்து பெயர் எழுதும் மேஜையில் உட்கார்ந்தவள் நான். அதற்கு முன் மூன்று வருஷம் அங்கே கூட்டிப் பெருக்கியவளும் நான். யார் எதற்கு வந்தாள் என்று சாயங்காலமே ஊரெல்லாம் சொன்னவளும் நான்.